கட்டு இறுக்கமா இருந்தா நல்லதுங்களா டாக்டர்?

ஆடி நோம்பி முடிந்த கையோடு எங்கள் வட்டாரத்து எலும்பு டாக்டர்களுக்கு வேலை கூடிவிடும். சேலம், நாமக்கல் பக்கம் ஆடி 18 என்றால் காவிரிக் கரை ஒரு பக்கம், தூரி ஒரு பக்கம். வேப்பமரத்திலோ புளியமரத்திலோ வடக்கயிறு போட்டு, நடுவில் ஒரு பலகையை வைத்து, பெரியவர்கள் பின்னாலிருந்து உந்திவிட, பிள்ளைகள் மரக்கிளையைத் தொடப் பார்ப்பார்கள். தொட்ட பிள்ளைகளில் ஒன்றிரண்டு கையை ஊன்றிக் கீழே விழும்.

சில வருடங்களுக்கு முன்பு அப்படி விழுந்த ஒரு பையனை இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் தூக்கி வந்தார்கள். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு, இடது கை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு விழுந்திருக்கிறான். முதலில் அப்பத்தா நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டிருக்கிறார். வீக்கம் கூடவும், பக்கத்து ஊரில் கட்டுப் போடுபவரிடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் தப்பை, மேலே வேட்டித் துணி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டு முடிந்துவிட்டது.

"நல்லா இறுக்கிக் கட்டியிருக்காருங்க டாக்டர், அசையவே அசையாது. ஆனா பையன் அழுகைய நிறுத்த மாட்டேங்கறான்" என்றார் அப்பாரு.

"எங்க கண்ணு வலிக்குது?"

பையன் முட்டியைக் காட்டவில்லை. "விரலு" என்றான்.

அந்த ஒரு சொல் போதும். சீட்டு பதியவில்லை, எக்ஸ்ரேவுக்கு அனுப்பவில்லை. முதலில் கத்தரிக்கோல். காய்ந்துபோன முட்டைக்கட்டை வெட்டுவது அத்தனை சுலபமில்லை, கிட்டத்தட்ட சிமென்ட் மாதிரி இருக்கும். உள்ளே கை முட்டி பந்துபோல் வீங்கியிருந்தது. விரல்கள் வெளிறிச் சில்லிட்டிருந்தன. தானாக மடங்கியிருந்த விரல்களை நான் லேசாக நிமிர்த்திப் பார்த்ததும் அலறினான். மணிக்கட்டில் நாடி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது. கட்டை அவிழ்த்துக் கையை லேசாக நீட்டி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் நகங்களில் நிறம் திரும்பியது. அன்று இரவே ஆபரேஷன் செய்தோம். இன்று அந்தக் கையால் கிரிக்கெட் ஆடுகிறான்.

கட்டு விழுந்து நாலு மணி நேரத்தில் வந்ததால் பிழைத்த கை அது. இன்னும் நாலு மணி நேரம் கழித்து வந்திருந்தால் நான் என்ன செய்திருந்தாலும் எலும்பு கூடியிருக்கும், கை கூடியிருக்காது. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது பலருக்கும் பிடிபடுவதில்லை. எலும்பு வேறு, கை வேறா? ஆமாம். குழந்தையின் முட்டி எலும்பு முறிவில் எலும்பு பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் எப்படியும் சேர்ந்துகொள்ளும். நாட்டுக்கட்டுப் போட்டாலும் சேரும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் கோணலாகவாவது சேரும். நாங்கள் பயப்படுவது அதற்குக் கீழே இருக்கும் விரல்களுக்காக.

ஏன் இந்த இடத்தில் மட்டும் இத்தனை பயம்?

உங்கள் முட்டியை மடக்கி, பின்பக்கம் துருத்தும் எலும்புக்குச் சற்று மேலே தொட்டுப் பாருங்கள். மேல்கை எலும்பு அங்கே தட்டையாக அகன்று, நடுவில் மிக மெலிதாகிவிடுகிறது. முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, இரண்டுக்கும் நடுவே தகடு மாதிரி கொஞ்சம் எலும்பு. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிள்ளைகளின் மூட்டுகள் தளர்வாக இருக்கும், கை பின்னோக்கிக்கூட வளையும். நீட்டிய கையை ஊன்றி விழும்போது, முன்கையின் பின்பக்க எலும்பு கடப்பாரை மாதிரி அந்தக் குழிக்குள் போய் நெம்புகிறது. மெலிந்த இடம் உடைகிறது. குழந்தைகளின் முட்டியில் ஏற்படும் முறிவுகளில் பாதிக்கும் மேல் இந்த வகைதான்.

உடைந்த கீழ்த்துண்டு பின்னால் நகரும்போது மேல்துண்டின் கூர்முனை முன்னால் வருகிறது. அந்த முன்பக்கத்தில்தான் முழுக் கைக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயும், அதை ஒட்டி ஒரு முக்கிய நரம்பும் ஓடுகின்றன. குழாய் கிழிவது அபூர்வம். நசுங்கலாம், எலும்பு நுனியில் இழுபடலாம், சுருங்கிக்கொள்ளலாம். கூடவே உள்ளே ரத்தம் கசிந்து வீக்கம் ஏறும். அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாட்கள் வீக்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது முட்டைக் கட்டை யோசித்துப் பாருங்கள். கை வீங்க வீங்க விரியப் பார்க்கிறது. கட்டு காயக் காய இறுகுகிறது. முன்கைத் தசைகள் ஏற்கெனவே விரியாத ஓர் உறைக்குள் இருப்பவை. அழுத்தம் ஏறினால் உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்த ஓட்டம் நின்றுபோகும். நாலு மணி நேரம்வரை தசை தாங்கும். எட்டு மணி நேரம் போனால் மீளாது. செத்த தசை பிறகு நார்போல் சுருங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் உள்நோக்கி இழுத்துவிடும்.

இதை 1881-லேயே தெளிவாக எழுதிவைத்தவர் ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன். எலும்பு முறிவுக்கு இறுக்கிக் கட்டிய பிறகு கை முடங்கிப் போவதைப் பார்த்து, இது நரம்புக் கோளாறு அல்ல, ரத்தம் போகாமல் தசை செத்ததால் வருவது என்று சொன்னார். இன்றும் அந்த முடக்கத்துக்கு அவர் பெயர்தான். இந்த வோல்க்மன் ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் தேவதைக் கதைகளும் எழுதியவர். பிரான்சுடன் நடந்த போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது எழுதிய அந்தக் கதைகள் 1871-ல் புத்தகமாக வந்தன. ஜெர்மன் பிள்ளைகளுக்கு அவர் கதைக்காரர், எங்களுக்கோ நடுராத்திரியில் நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கும் பெயர்.

அந்தப் பெயருக்கு என் நினைவில் இருக்கும் முகம் வேறொரு பையனுடையது. அதே போன்ற முறிவு, அதே போன்ற கட்டு, ஆனால் அழுத குழந்தைக்கு வலி மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார்கள். நாலாம் நாள் அழுகை தானாக நின்றுவிட்டது. "சரியாயிருச்சுன்னு நெனச்சோம்ங்க" என்று அவன் அம்மா சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வலி நின்றதற்குக் காரணம், வலியை உணரும் நரம்பும் போய்விட்டது. அந்தப் பையன் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறான். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு பையைத் தூக்க அந்தக் கை உதவுகிறது. சட்டைப் பொத்தான் போட உதவவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கிறது.

நாட்டுக்கட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டும் இறுகினால் இதேதான் நடக்கும். கட்டே போடாமல், அடியின் வேகத்தினாலேயே நடப்பதும் உண்டு. அதனால்தான் புதிதாக வீங்கிய முட்டிக்கு நாங்கள் சுற்றி மூடிய கட்டைப் போடுவதில்லை. பின்பக்கம் மட்டும் பாதி ஓடு மாதிரி மாவுப் பட்டை வைத்து, மேலே பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றுவோம். "என்னங்க டாக்டர், கட்டு லொடலொடன்னு இருக்குது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முதல் சில நாட்களுக்கு இறுக்கமான கட்டு நல்ல கட்டே அல்ல.

"இல்லீங்க, எங்க ஊர்ல அவரு தொட்டாலே சரியாயிரும்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. நானும் பார்த்திருக்கிறேன். ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் உள்ள குழந்தையை, பஸ் ஏற்றும்போதோ, கடையில் அடம்பிடிக்கும்போதோ, சட்டை மாற்றும்போதோ, கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்திருப்போம். குழந்தை வீலென்று கத்திவிட்டு, பிறகு அந்தக் கையைத் தொங்கவிட்டு அசைக்காமலே இருக்கும். வீக்கம் இருக்காது, கீழே விழுந்ததும் இருக்காது. முன்கை எலும்பின் மேல்முனையைச் சுற்றியுள்ள நார் வளையம் கொஞ்சம் நழுவி இடையில் மாட்டிக்கொள்வதுதான் அது. எலும்பு முறிவே அல்ல. விஷயம் தெரிந்தவர் முன்கையை ஒரு திருகு திருகினால் 'க்ளிக்' என்று விழும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் குழந்தை அந்தக் கையால் பிஸ்கெட் வாங்கிச் சாப்பிடும். நான் செய்தாலும் அப்படித்தான், சுளுக்கு எடுக்கும் பாட்டி செய்தாலும் அப்படித்தான்.

அதேபோல் நகராத, வெறும் கீறல் விழுந்த முறிவு எந்தக் கட்டுக்கும் சேரும். ஆந்திராவின் புத்தூர் கட்டு நம் ஊர்வரை பேர்வாங்கியதில் இப்படி நல்லபடியாகச் சேர்ந்த கைகால்களுக்கும் பங்கு உண்டு. பாட்டி தொட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்குச் சரியாகிறது. பதினோராவது குழந்தை ஆறு வயதில் தூரியிலிருந்து விழுந்து வருகிறது. வெளியே பார்த்தால் அதே அழுகை, அதே அசையாத கை. அதை நீவினால் கூர்முனை இன்னும் உள்ளே போகும். விழுந்து அடிபட்டு, வீங்கியும் இருந்தால் அது சுளுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நினைவில் வைத்துக்கொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும்.

சரி, மருத்துவமனைக்கு வந்தால் நாங்கள் என்ன பார்க்கிறோம்?

முதலில் விளையாட்டு. குழந்தைகளிடம் 'நரம்பு வேலை செய்கிறதா' என்று கேட்க முடியாது. கல், காகிதம், கத்தரி ஆடச் சொல்வேன். முஷ்டி மடக்கிக் கல் காட்டினால் ஒரு நரம்பு சரி. விரல்களை விரித்துக் காகிதம் காட்டினால் இன்னொன்று சரி. கத்தரி காட்டினால் மூன்றாவதும் சரி. கடைசியாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து 'சூப்பர்' காட்டச் சொல்வேன். இந்த முறிவில் அதிகம் அடிபடும் நரம்புக் கிளை அந்த வட்டத்தில்தான் மாட்டும். வட்டம் வராமல் இரண்டு விரலும் கிளி மூக்கு மாதிரி தட்டையாக ஒட்டினால் குறித்துக்கொள்வேன். பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். ஆனால் சிகிச்சைக்கு முன்பே இது இருந்ததா, பின்னால் வந்ததா என்று தெரிந்தாக வேண்டும். பிறகு நாடி, நகத்தை அழுத்திவிட்டால் திரும்பும் நிறம், விரலின் சூடு.

அடுத்து எக்ஸ்ரே. இதில்தான் படித்தவர்களுக்கே தடுமாற்றம். பிறந்த குழந்தையின் முட்டி முழுக்கக் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு வயதுவாக்கில் முதல் எலும்புப் பொட்டு தோன்றும். பிறகு ஏறத்தாழ மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொரு வயதில் ஒவ்வொன்றாக மொத்தம் ஆறு. எங்கள் மாணவர்கள் இந்த ஒற்றைப்படை எண்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். எது இயல்பான பொட்டு, எது உடைந்த துண்டு என்று பிரித்துச் சொல்லக் குழந்தையின் வயது தெரிய வேண்டும். எக்ஸ்ரே டெக்னீஷியன் பிறந்த தேதி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் மேல்கை எலும்பின் முன்விளிம்போடு ஒரு கோடு இழுத்தால், அது அந்த முதல் பொட்டின் நடுப்பகுதியில் போக வேண்டும். பொட்டுக்கு முன்னால் நழுவிப் போனால் எலும்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. சில படங்களில் முறிவுக் கோடே தெரியாது, முட்டிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சிறிய நிழல் மட்டும் இருக்கும். மூட்டுக்குள் ரத்தம் கட்டி, பின்பக்கக் கொழுப்பைத் தள்ளிவிட்டதன் அடையாளம் அது. 'எக்ஸ்ரே நார்மல்' என்று எழுதியிருந்தும் குழந்தை முட்டியைத் தொடவிடவில்லை என்றால், நாங்கள் பட்டைக்கட்டு போட்டு அனுப்பி, பத்து நாளைக்குள் மறுபடி படம் எடுப்போம். அதற்குள் புது எலும்பு வளரத் தொடங்கி, முறிவு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 'முதல்ல ஒண்ணுமில்லன்னாங்க, இப்ப முறிவுங்கறாங்க, காசுக்குத்தான்' என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களோடு எனக்குக் கோபமில்லை. முதல் நாளே இதைச் சொல்லாதது எங்கள் தவறு.

சிகிச்சை, முறிவு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1959-ல் கார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் மூன்றாகப் பிரித்துவைத்தார், நாங்கள் இன்றும் அதைத்தான் பேசுகிறோம். நகராதது முதல் வகை: மூன்று வாரம் கட்டு, முடிந்தது. சாய்ந்திருக்கிறது, ஆனால் பின்பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் இரண்டாம் வகை: நேராக்க வேண்டும், சிலருக்குக் கம்பியும் வேண்டும். முழுக்கப் பிரிந்துபோனது மூன்றாம் வகை: மயக்கம் கொடுத்து, சி-ஆர்ம் என்கிற நேரடி எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, கையை இழுத்து எலும்பைப் பொருத்தி, இரண்டு அல்லது மூன்று மெல்லிய கம்பிகளைத் தோல் வழியாகச் செலுத்துவோம்.

'ஆபரேஷன்' என்றதும் தாத்தா பாட்டிகளுக்குக் கண் கலங்கிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கையைக் கிழிப்பதே இல்லை. பிளேட் கிடையாது, ஸ்குரூ கிடையாது, உள்ளே எதுவும் நிரந்தரமாகத் தங்காது. 1909-ல் மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கொண்டுவந்த கம்பிதான் அது, தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான். நுனியை வெளியே வளைத்துவிட்டிருப்போம். மூன்று, நான்கு வாரம் கழித்து ஓ.பி.யிலேயே மயக்கமில்லாமல் உருவிவிடலாம். குழந்தை கத்துவது கம்பியைப் பார்த்த பயத்தில்தான். நான் எடுக்கும்போது அம்மாவின் செல்போனில் கார்ட்டூன் ஓடும்.

உடனே இரவோடு இரவாகச் செய்தாக வேண்டுமா? விரல் சிவப்பாக, சூடாக, வீக்கம் மிதமாக இருந்தால் பட்டைக்கட்டில் வைத்துக் காலையில் செய்யலாம். விரல் வெளிறியிருந்தால் காத்திருக்கவே கூடாது. நாடி கிடைக்கவில்லை, ஆனால் கை சிவப்பாகவே இருக்கிறது என்ற நிலையும் உண்டு. அதிலும் தாமதிக்காமல் எலும்பைப் பொருத்தினால் பெரும்பாலும் நாடி திரும்பிவிடும், ஆனாலும் ஒன்றிரண்டு நாள் பக்கத்தில் வைத்துக் கவனிப்போம். வார்டில் நர்ஸ் மணிக்கொரு தடவை எழுப்பி விரலை அசைக்கச் சொன்னால் "தூங்கற புள்ளய ஏன் எழுப்பறீங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

செலவை நினைத்து நாட்டுக்கட்டுக்குப் போகிறவர்களும் நிறைய. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு கிடையாது. தனியாரிடம் போனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று சேரும்போதே கேளுங்கள். ராத்திரி வண்டி கிடைக்காவிட்டால் 108 இருக்கிறது.

இன்னொரு முறிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சத்தம் போடாது. முட்டியின் வெளிப்பக்கக் குமிழ் மட்டும் உடைவது. வீக்கம் கொஞ்சம், எக்ஸ்ரேயில் மெல்லிய ஒரு சீவல். ஆனால் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் படத்தில் தெரிவதைவிட உண்மையான துண்டு பெரியது, முறிவும் மூட்டுக்குள் போகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கம்பி போட வேண்டும். விட்டால் இது சேராமலே போகக்கூடும். கை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் கோணி, பல வருடம் கழித்து, கல்யாண வயதில், சுண்டுவிரல் மரத்துப்போகத் தொடங்கும். முட்டியில் இடித்தால் 'கரண்ட்' அடிக்குமே, அந்த நரம்பு இழுபட்டதன் விளைவு. முப்பது வயதுக்காரர் ஒருவர் விரல் மரத்ததற்காக வந்தபோது, "சின்ன வயசுல விழுந்தீங்களா?" என்று கேட்டேன். "உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார்.

'வளர வளரச் சரியாயிரும்' என்பது எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். மணிக்கட்டுக்கு அது பெரும்பாலும் உண்மை. முட்டிக்கு உண்மையில்லை. மேல்கை எலும்பு நீளத்தில் வளர்வதில் ஐந்தில் நாலு பங்கு தோள் பக்கத்தில் நடக்கிறது, முட்டிப் பக்கம் ஒரு பங்குதான். அதனால் உள்பக்கம் கோணலாகச் சேர்ந்த முட்டி வளர்ந்தாலும் கோணலாகவே இருக்கும். வேலைக்கு அதிகம் இடைஞ்சல் இருக்காது, பார்வைக்குத்தான் குறை. பெண்பிள்ளை என்றால் வீட்டில் அதைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். ஆண்பிள்ளை என்றால் விட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் முதல் நாளே நேராக வைத்திருக்கலாம்.

விழுந்த உடனே வீட்டில் என்ன செய்வது? முதலில் வளையல், மோதிரம், காப்பு, கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கயிறு அவிழாவிட்டால் வெட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், நாலாக மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அடியில் வைத்துத் துண்டால் தளர்வாகச் சுற்றுங்கள். மடக்கிப் பார்க்கவோ நீட்டிப் பார்க்கவோ வேண்டாம், நீவவே வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். போகும் வழியில் அழுகையை நிறுத்த ஜூஸ், பிஸ்கெட் வாங்கித் தருவதுதான் எல்லோரும் செய்வது. மயக்க மருந்து தேவைப்பட்டால் திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழியக் காத்திருக்க வேண்டிவரும். ஒரு பன் தின்ற பாவத்துக்குப் பாதி ராத்திரி போய்விடும்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு, முதல் இரண்டு நாள் கையைத் தலையணைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். மருந்து கொடுத்தும் அழுகை கூடிக்கொண்டே போனால், விரலை நிமிர்த்தும்போது துடித்தால், விரல் வெளிறினால் அல்லது நீலம் பாரித்தால், மரத்துப்போகிறது என்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். சின்னக் குழந்தைக்கு 'மரத்துப்போகுது' என்று சொல்லத் தெரியாது. ஓயாமல் புரளும், எரிச்சல்படும், மருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். வழியிலேயே கட்டின் துணியைப் பிரித்துவிட்டாலும் நாங்கள் திட்ட மாட்டோம். நகர்ந்த எலும்பை மறுபடி பொருத்தலாம்.

கம்பி எடுத்த அன்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "கை நீட்ட வரலீங்களே, எண்ணெய் போட்டு நீவலாங்களா? தண்ணி பக்கெட்டத் தூக்கச் சொல்லலாங்களா?" இரண்டும் கூடாது. வலுக்கட்டாயமாக இழுத்தால் மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளர்ந்து, நிரந்தரமாகப் பூட்டிவிடும். பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள். அந்தக் கையால் சோறு உண்ணட்டும், தலை சீவட்டும், சுவரில் ரப்பர் பந்தை எறியட்டும். சில வாரங்களில் மடங்கத் தொடங்கும், முழுக்க நீட்ட மூன்று, நாலு மாதம்கூட ஆகலாம். மரம் ஏறுவதும் சைக்கிளும் எப்போது என்பதை அடுத்த எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறோம்.

அந்த ஆறு வயதுக்காரனைக் கம்பி எடுக்கக் கூட்டி வந்தபோது அப்பாரு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்த ஆடிக்குத் தூரி கட்டலாங்களா, வேண்டாங்களா டாக்டர்?" கட்டுங்கள் என்றேன். கல் தரையில் வேண்டாம், உழுத காட்டு மண்ணில் கட்டுங்கள், பலகை பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் கயிற்றை அளந்து போடுங்கள். சொல்லி முடிப்பதற்குள் பையன் கையை விரித்துக் காகிதம் காட்டினான்.